குடியரசின் ஏடுகள் – 9: எழுதாச் சாசனம்

1787ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி முதல் செப்டம்பர் மாதம் 17ஆம் தேதி வரை பிலடெல்பியா நகரத்தில் இரகசியமாகக் கூடிய மகாசபை, அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு அரசியல் சாசனம் ஒன்றை இயற்றித் தந்த வரலாற்றைச் சென்ற பகுதியில் கண்டோம். ஐம்பத்தைந்து பிரதிநிதிகள் வந்துபோன அச்சபையில் இறுதி நாளன்று கையொப்பமிட்டவர்கள் 39 பேர். அவர்கள் கையொப்பமிட்ட சாசனம், ஜனாதிபதியாக வருபவருக்கு எத்தனை வயது நிரம்பியிருக்க வேண்டும், அவர் எத்தனை ஆண்டு பதவி வகிக்க வேண்டும், பதவியேற்கும்போது எந்த வாசகத்தைச் சொல்லிப் பிரமாணம் செய்ய வேண்டும் என்பனவற்றையெல்லாம் அளந்தளந்து எழுதியது. ஆயினும், ஒருவரே எத்தனை தடவை அந்த ஆசனத்தில் அமரலாம் என்ற கேள்விக்கு விடையாக ஒரு சொல்லேனும் அதில் இடம்பெறவில்லை.

அக்காலத்தில் பிரான்சில் தம் நாட்டுத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்ஸன், சாசனத்தின் பிரதி கைக்கு வந்ததும், அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி தம் நண்பர் ஜேம்ஸ் மாடிஸனுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு குறைகளை எடுத்துரைத்தார். பிரஜைகளின் உரிமைகளை வரையறுக்கும் பகுதி இல்லாதது முதற்குறை. ஜனாதிபதி பதவி கைமாறியே தீர வேண்டும் என்ற விதி இல்லாதது இரண்டாம் குறை. ஒரு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவரே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவார், ஈற்றில் அது ஆயுட்காலப் பதவியாகவே ஆகிவிடும் என்பது அவர் கொண்ட அச்சம். அலெக்ஸாண்டர் ஹாமில்டனோ, சாசனத்துக்கு ஆதரவாக வெளிவந்த 'பெடரலிஸ்ட்' கட்டுரைகளில் 72ஆவது கட்டுரையில் இதற்கு நேர்மாறான கட்சியை எடுத்தாண்டார். அனுபவம் முதிர்ந்தவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது அறிவுடைமை ஆகாது என்றும், மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்ற நம்பிக்கையே ஒருவரை நன்கு பணியாற்றத் தூண்டும் என்றும் அவர் வாதாடினார். ஜெபர்ஸன் சொன்ன முதற்குறை 1791ஆம் ஆண்டில், பத்துத் திருத்தங்கள் நிறைவேறியபோது நீங்கிற்று. இரண்டாவது குறை நீங்க 1951ஆம் ஆண்டு வரை, அதாவது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயினும், அந்த நெடுங்காலத்தில் 1940ஆம் ஆண்டு வரை எவரும் மூன்றாம் தடவையாக அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. சட்டத்தில் இல்லாத ஒரு விதி சட்டத்தினும் வலிமையோடு நின்று காத்ததன் மூலத்தைத் தேடிச் சென்றால், நாம் போய்ச் சேரும் இடம் ஜார்ஜ் வாஷிங்டனுடைய எழுத்து மேசை.

ஏடுகளைப் பேணுவதில் வாஷிங்டனுக்கு இருந்த சிரத்தை அக்காலத் தளபதிகளில் வேறெவருக்கும் இருந்ததா என்பது சந்தேகமே. 1775ஆம் ஆண்டில் படைத்தலைமையை ஏற்றபோது சம்பளம் வேண்டாம், செலவைக் கொடுத்தால் போதும் என்று சொன்ன அவர், எட்டாண்டுகளுக்கான செலவுக் கணக்கைத் தம் கைப்பட எழுதி வைத்து, 1783இல் அதனை ஒப்படைத்தார். 1781ஆம் ஆண்டில், போர் முடிவதற்கு முன்னரே, தம் படைத்துறைக் கடிதங்கள் அனைத்தையும் செம்மையாகப் பிரதி செய்து வைக்கக் காங்கிரஸின் இசைவைப் பெற்று, ரிச்சர்டு வாரிக் என்ற அதிகாரியை அப்பணிக்கு அமர்த்தினார். ஹட்ஸன் நதிக்கரையிலுள்ள பொகீப்ஸி என்ற ஊரில் வாரிக்கும் அவருடைய குமாஸ்தாக்களும் இரண்டாண்டுகளுக்கு மேல் இருந்து எழுதிய அப்பிரதிகள், இன்று வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூலகத்தில் 44 தொகுதிகளாக விளங்குகின்றன. பிற்காலம் தம்மை ஒருநாள் விசாரணைக்கு அழைக்கும், அப்பொழுது நேரில் நின்று சாட்சி சொல்லத் தாம் இருக்க மாட்டோம், ஏடுகளே தம் பொருட்டுச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் அன்றே வேரூன்றியிருந்தது போலும்.

அந்தச் சாட்சிகளில் முதலாவது, 1782ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதி எழுதப்பட்ட ஒரு கடிதம். பின்னாளில் நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு பொருத காரன்வாலிஸ், யார்க்டவுனில் தோல்வியுற்றுத் தன் சேனையோடு சரணடைந்து ஏழு மாதங்கள் கழிந்திருந்த சமயம் அது. போர் ஓய்ந்துவிட்டது, சமாதான உடன்படிக்கையோ இன்னும் ஆகவில்லை. படைவீரர்களுக்குச் சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. வரி விதிக்கும் அதிகாரமில்லாத காங்கிரஸோ, ராஜ்யங்களிடம் கையேந்தி நின்றது. இந்நிலையில் லூயி நிக்கோலா என்ற கர்னல், குடியரசு என்பது வலுவற்ற அமைப்பு என்றும், நாட்டுக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றும், அவருக்கு அரசர் என்ற பட்டத்தையே சூட்டினாலும் கேடில்லை என்றும் விரிவாக எழுதித் தம் தளபதிக்கு அனுப்பினார். அவர் மனத்தில் இருந்த அந்தத் தலைவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வாஷிங்டன் அன்றைய தினமே மறுமொழி எழுதினார். இந்தப் போரில் நேர்ந்த எந்தச் சம்பவமும் இதைப்போல் தம்மை வருத்தியதில்லை என்றும், இவ்வெண்ணத்தை மனத்திலிருந்து அடியோடு அகற்றிவிடுமாறும் கடிந்து எழுதிய அக்கடிதத்தின் நகலை மட்டும் அனுப்பாமல் தம்மிடமே வைத்துக்கொண்டு, அது மூலத்துக்கு ஒத்த பிரதி என்று இரண்டு உதவி அதிகாரிகளைக் கையொப்பமிடவும் செய்தார். முடியை மறுப்பது ஒரு செயல்; மறுத்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கிவைப்பது மற்றொரு செயல். இரண்டையும் ஒரே நாளில் செய்தவருடைய தியாகத்தைப் போற்றுவோர், அவருடைய முன்யோசனையையும் உடன் வைத்தே போற்ற வேண்டும்.

மறு வருஷம் மார்ச் மாதத்தில் இதனினும் பெரிய சோதனை வந்தது. சேனை நியூபர்க் என்ற ஊருக்கு அருகே பாளையமிறங்கியிருந்தது. ஆயுட்காலம் முழுதும் பாதிச் சம்பளம் தருவதாக 1780இல் காங்கிரஸ் வாக்களித்திருந்தும், அது நிறைவேறும் குறி எதுவும் தென்படாமையால் அதிகாரிகள் உள்ளூரக் குமுறினர். மார்ச் 10ஆம் தேதி, பெயர் குறிப்பிடாத ஒரு நிரூபம் பாளையத்தில் கைக்குக் கை சென்றது. ஜான் ஆம்ஸ்டிராங் என்ற இளம் மேஜர் எழுதிய அது, சமாதானம் ஆனால் ஆயுதத்தைக் கீழே வைக்காமலும், போர் தொடர்ந்தால் காங்கிரஸைக் கைவிட்டுக் காட்டகம் புகுந்தும் தங்கள் நியாயத்தைப் பெற வேண்டும் என்று அதிகாரிகளைத் தூண்டிற்று. இதன் பொருட்டு அவர்கள் கூடவிருந்த கூட்டத்தை வாஷிங்டன் தடுத்து, மார்ச் 15ஆம் தேதி முறைப்படி வேறொரு கூட்டம் நடைபெறும் என்று உத்தரவிட்டார். வீரர்கள் தாங்களே மரங்களை வெட்டிக் கட்டிய பெரிய மண்டபத்தில், ஜெனரல் கேட்ஸ் தலைமை வகிக்க அக்கூட்டம் நடைபெற்றது. அதற்கு வருவார் என்று எவரும் எதிர்பாராத வாஷிங்டன் உள்ளே நுழைந்து, தாம் எழுதிக்கொண்டு வந்திருந்த உரையைப் படித்தார். உரை உறுதியாகவே இருந்தது. கேட்டவர்களின் முகங்களும் உறுதியாகவே இருந்தன.

உரையை முடித்தபின், காங்கிரஸ் அங்கத்தினர் ஜோசப் ஜோன்ஸ் எழுதிய கடிதம் ஒன்றைப் படித்துக் காட்ட விரும்பி அதனைப் பையிலிருந்து எடுத்தார். எழுத்துத் தெரியவில்லை. தடுமாறினார். பிறகு, சில வாரங்களுக்கு முன்னர்தான் பிலடெல்பியாவிலிருந்து வானநூல் வல்லுநர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் செய்து அனுப்பியிருந்ததும், அந்த அதிகாரிகளில் பலர் அதுவரை அவர் முகத்தில் கண்டிராததுமான மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உங்கள் பணியிலேயே தலை நரைத்தேன், இப்பொழுது கண்ணும் மங்குகிறது என்ற கருத்துப்பட ஒரு வார்த்தை சொல்லி மன்னிப்பு வேண்டினார். ஒழுங்காக எழுதி வந்த உரையினால் ஆகாத காரியம் எழுதாமல் வந்த அந்த ஒரு வாக்கியத்தால் ஆயிற்று. கடினசித்தரான போர்வீரர்கள் கண்ணீர் உகுத்தனர் என்று அங்கிருந்தோர் எழுதி வைத்திருக்கின்றனர். தளபதி வெளியே சென்றதும், காங்கிரஸிடத்தில் தங்களுக்குள்ள நம்பிக்கையைத் தெரிவித்து அக்கூட்டம் தீர்மானம் செய்தது.

அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் தேதி, மேரிலாந்து ராஜ்யத்தின் அன்னபோலிஸ் நகரத்துச் சட்டசபை மாளிகையில் வாஷிங்டன் தம் படைத்தலைமையைத் துறந்தார். எந்த மகத்தான சக்தியிடம் அதனைத் திருப்பிக் கொடுத்தார் என்று நோக்குவோமானால் வியப்பே மிகும். அன்றைய காங்கிரஸில் வந்திருந்தவர் ஏறக்குறைய இருபது பேர். பதின்மூன்று ராஜ்யங்களுள் ஏழின் பிரதிநிதிகளே அங்கிருந்தனர். சமாதான உடன்படிக்கையை உறுதிசெய்வதற்கு வேண்டிய ஒன்பது ராஜ்யங்கள்கூட அன்று கூடவில்லை. அத்தகைய நலிந்த சபையின் முன்னே, வென்ற சேனையின் தலைவர் எழுந்து நின்று வணங்கினார். அவர்களோ வணங்காமல், தொப்பியை மட்டும் எடுத்து மறுபடியும் வைத்துக்கொண்டனர். சிவில் அதிகாரமே உயர்ந்தது, வாளின் அதிகாரம் அதற்குக் கீழ்ப்பட்டது என்பதைக் காட்டுவதற்காக முன்கூட்டியே வகுக்கப்பட்ட சடங்கு அது. சபையில் இருந்த ஜேம்ஸ் மக்ஹென்ரி, தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கு அன்றே எழுதிய கடிதத்தில், தளபதியின் கை நடுங்கிற்று என்றும், தம்மோடு போர்க்காலம் முழுதும் உடனிருந்த உதவி அதிகாரிகளைப் பற்றிப் பேசும்போது காகிதத்தை இரு கைகளாலும் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது என்றும் குறித்திருக்கிறார். அதிகாரத்தைக் கையிலெடுக்கும்போது நடுங்கிய கைகளைப் பற்றி வரலாறு நிரம்பப் பேசும். அதைக் கீழே வைக்கும்போது நடுங்கிய கையைப் பற்றிய குறிப்பு அரிது. மறுநாள் மாலை, கிறிஸ்துமஸுக்கு முன்தினம், அவர் மவுண்ட் வெர்னனிலுள்ள தம் இல்லம் சேர்ந்தார்.

இவ்வாறு ஒரு முறை துறந்தவரை நாடு மீண்டும் அழைத்ததும், 1789ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி நியூயார்க் நகரத்தில் அவர் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றதும் முன்னரே சொல்லப்பட்டவை. பதவியேற்பு உரைக்கென டேவிட் ஹம்ப்ரீஸ் உதவியால் எழுதப்பட்டிருந்த நெடிய பிரதி ஒன்று கைவிடப்பட்டது. பிற்காலத்தில் வாஷிங்டனுடைய எழுத்துகளைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரசுரித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ், அந்தப் பிரதி பயனற்றதென்று கருதி, அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பெரியோர் கையெழுத்தைச் சேகரிப்போருக்கு வழங்கிவிட்டார். ஏடுகளைக் காக்க வந்தவர் கையாலேயே ஏடுகள் அழிவது நமக்குப் புதிய செய்தியன்று. கைவிடப்பட்ட உரைக்குப் பதிலாகச் சுருக்கமான உரையை எழுதிக் கொடுத்தவர் மாடிஸன். அவ்வுரைக்குப் பிரதிநிதிகள் சபை அளித்த மறுமொழியை எழுதியவரும் மாடிஸனே. அம்மறுமொழிக்கு ஜனாதிபதி விடுத்த பதிலை எழுதியவரும் அவரே!

ஆகவே, 1792ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி, நான்காண்டுக் காலம் முடிந்ததும் ஒதுங்கிவிட எண்ணிய வாஷிங்டன், விடைபெறும் உரை ஒன்றை எழுதித் தருமாறு மாடிஸனைக் கேட்டது இயல்பே. ஜூன் 20ஆம் தேதி மாடிஸன் வரைவை அனுப்பினார். இதனைக் காங்கிரஸில் படிப்பதினும் பத்திரிகை வாயிலாக நேரே ஜனங்களுக்கு அறிவிப்பதே தகும் என்பதும் அவர் சொன்ன யோசனையே. ஆயினும், எதிலும் ஒன்றுபடாத ஜெபர்ஸனும் ஹாமில்டனும் வாஷிங்டன் இருந்தே ஆக வேண்டும் என்பதில் மாத்திரம் ஒன்றுபட்டு வற்புறுத்தவே, அவர் இணங்கினார். வரைவு பெட்டிக்குள் சென்றது.

நான்காண்டுகள் கழிந்து பெட்டி திறக்கப்பட்டபோது, உலகம் மாறியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சி அமெரிக்கரை இருகூறாக்கிவிட்டது. இங்கிலாந்தோடு ஜான் ஜே செய்துகொண்டு வந்த உடன்படிக்கை நாடெங்கும் கிளர்ச்சியை மூட்டிற்று. பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரர் நடத்திய 'அரோரா' பத்திரிகை, ஜனாதிபதியை நாள்தோறும் ஏசிற்று. மாடிஸன் எதிர்க்கட்சியின் தலைவராகிவிட்டார். 1796ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி, வாஷிங்டன் பழைய வரைவையும் அதனோடு தாம் சேர்த்தெழுதிய பகுதியையும் ஒருங்கே கட்டி, நியூயார்க்கில் வக்கீல் தொழில் செய்துவந்த ஹாமில்டனுக்கு அனுப்பி, இவற்றைத் திருத்தினாலும் சரி, புதிதாக எழுதினாலும் சரி, பகட்டில்லாத எளிய நடையாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மாடிஸனுடைய வரைவை ஏன் அப்படியே சேர்த்து வைத்தார்? நான்காண்டுகளுக்கு முன்பே தாம் விலக விரும்பியதற்கு, இப்பொழுது தம்மை அதிகார மோகி என்று தூற்றும் கட்சியின் தலைவரே சாட்சி என்பதை உணர்த்துவதற்காகத்தான். நிக்கோலாவுக்கு எழுதிய கடிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கிய அதே மனம், பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறே வேலை செய்ததை இங்கே காண்கிறோம்.

ஹாமில்டன் ஜூலை 30ஆம் தேதி புதிய வரைவொன்றை அனுப்பினார். பழையதைத் திருத்திய மற்றொன்றை ஆகஸ்டு 10ஆம் தேதி அனுப்பினார். வாஷிங்டன் முதலாவதையே தெரிந்தெடுத்தார். பத்திரிகைகளின் வசைகளால் புண்பட்டு அவர் தம் வரைவில் கொட்டியிருந்த கசப்பெல்லாம் ஹாமில்டன் கையில் வடிந்துபோயிற்று. எனினும், அதன்பின் உரை முழுவதையும் 32 பக்கங்களில் தம் கைப்பட எழுதி, வரிக்கு வரி அடித்தும் சேர்த்தும் தமதாக்கிக்கொண்டவர் வாஷிங்டனே. அந்தக் கையெழுத்துப் பிரதியில் ஓரிடத்தில் ஒரு பகுதியை அடித்துவிட்டு, போலி அடக்கம் என்று பிறர் சொல்லாதிருக்கும் பொருட்டு நீக்கப்பட்டது என்று ஓரத்தில் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். அடித்ததற்கும் காரணம் எழுதி வைப்பவரை என்னென்பது!

செப்டம்பர் மாதத்தில் ஒருநாள், பிலடெல்பியாவில் பத்திரிகை நடத்திவந்த டேவிட் கிளேபூல் ஜனாதிபதியின் மாளிகைக்கு அழைக்கப்பட்டார். அவரை அழைத்துவரச் செய்தவர் ஜனாதிபதியின் அந்தரங்கக் காரியதரிசி. தனியாக இருந்த வாஷிங்டன், தாம் ஓய்வுபெற எண்ணியிருப்பதைச் சொல்லி, அதனை அவருடைய பத்திரிகையில் வெளியிட விரும்புவதாகத் தெரிவித்தார். அடுத்த திங்கட்கிழமை என்று நாள் குறிக்கப்பட்டது. அச்சுக்கோத்த தாள்கள் திருத்தத்துக்கு வந்தபோது ஜனாதிபதி சொற்களில் கைவைத்தது அரிதென்றும், கால்புள்ளி அரைப்புள்ளிகளிலோ மிக நுணுக்கமாக இருந்தார் என்றும் கிளேபூல் பின்னர் எழுதியிருக்கிறார். வேலை முடிந்து மூலப் பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது, இதைப் பிரிய மனமில்லையே என்று அவர் சொல்ல, விரும்பினால் நீரே வைத்துக்கொள்ளும் என்று வாஷிங்டன் அதனை அவரிடமே கொடுத்துவிட்டார். இன்று அது நியூயார்க் பொது நூலகத்தின் பொக்கிஷங்களுள் ஒன்று.

1796ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி அவ்வுரை 'கிளேபூல்ஸ் அமெரிக்கன் டெய்லி அட்வர்டைஸர்' பத்திரிகையின் உட்பக்கத்தில், தலைப்பு ஆரவாரம் எதுவுமின்றி, நண்பர்களையும் பிரஜைகளையும் விளித்து வெளியாயிற்று. சரியாக ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1787ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி, இதே பத்திரிகை வேறு பெயரோடு விளங்கிய காலத்தில், டன்லப்பும் கிளேபூலும் அரசியல் சாசனத்தை முதன்முதலாக ஜனங்கள் படிக்க அச்சிட்டு வெளியிட்டனர். அந்த ஜான் டன்லப்பே 1776ஆம் ஆண்டில் சுதந்திரப் பிரகடனத்தை முதலில் அச்சிட்டவர். பிறப்பு, அமைப்பு, கைமாற்றம் ஆகிய மூன்றும் ஒரே அச்சகத்து மையின் வழியாக ஜனங்களை அடைந்தன என்பது எவ்வளவு பொருத்தம்! 'பிரியாவிடை உரை' என்று இன்று வழங்கும் பெயர், அதனை எடுத்து வெளியிட்ட பிற பத்திரிகைகள் சூட்டியது. அவ்வுரை எந்தச் சபையிலும் வாஷிங்டனால் பேசப்பட்டதே இல்லை. அது வெளியான தினத்தன்றே அவர் வண்டியேறித் தம் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்.

உரையில் அவர் கூறியவை யாவை? வடக்கும் தெற்கும், கடற்கரையும் மேற்குப் பிரதேசமும் ஒன்றையொன்று சார்ந்தவை ஆதலால் ஐக்கியத்தைக் கண்போல் காக்க வேண்டும். கட்சி வெறி மிஞ்சினால் பழிக்குப் பழி என்று மாறி மாறி நடக்கும் கொடுமையில் சலித்த ஜனங்கள் ஒருவனுடைய சர்வாதிகாரத்தில் அடைக்கலம் புகுவர். அரசாங்கத்தின் ஒவ்வொரு பிரிவும் தன் எல்லைக்குள் நிற்க வேண்டும். கடனை அளவோடு வாங்கி விரைவில் தீர்க்க வேண்டும். எந்த நாட்டின்மீதும் நிரந்தரப் பகையோ நிரந்தரப் பாசமோ கொள்ளலாகாது. அயல்நாட்டுச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர் என்று வாஷிங்டன் சொன்னதாகப் பலரும் எடுத்துக்காட்டும் சொற்றொடர் அவருடையதன்று. 1801இல் ஜெபர்ஸன் சொன்னது. இன்னொன்றும் நாம் கருதத்தக்கது. இரு தடவைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாக இருக்கலாகாது என்ற விதியை அவ்வுரையின் எந்தப் பக்கத்திலும் தேடிக் காண இயலாது. வயதையும் ஓய்வின் விருப்பத்தையுமே அவர் காரணமாகக் காட்டினார். சொல்லப்போனால், 1788ஆம் ஆண்டில் லாபயெத் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், ஆபத்துக் காலத்தில் தகுதியுள்ளவரைத் தடுத்து வைப்பது தகாது என்று ஹாமில்டன் கட்சியையே அவரும் ஆதரித்திருந்தார். விதியை அவர் எழுதவில்லை, எழுந்து போனார். அதுவே விதியாயிற்று.

இவ்வளவு கூறியபின், அதே மேசையிலிருந்து புறப்பட்ட வேறொரு கடிதத்தைக் கூறாமல் விடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. 1796ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி வாஷிங்டன் ஹாமில்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டின் இளைஞர்கள் கூடிப் பயிலத் தேசியப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்பது விடைபெறும் உரையில் சேராமற்போனதே என்ற ஏக்கம் அதில் புலப்படுகிறது. அதே தினத்தில் நிதி மந்திரி ஆலிவர் உல்காட்டுக்கு மற்றொரு கடிதம் எழுதினார். தப்பியோடிய ஒரு பெண்ணைப் பிடித்துத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யுமாறு கேட்பது அது. அப்பெண்ணின் பெயர் ஓனா ஜட்ஜ். வாஷிங்டனுடைய மனைவி மார்த்தாவுக்குப் பணிவிடை செய்த அடிமை, இருபத்திரண்டு வயதளவினள். எஜமானியின் பேத்திக்குத் தன்னைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அறிந்து, விடைபெறும் உரையின் வரைவு ஹாமில்டனுக்குச் சென்ற ஆறாம் நாள், மே 21ஆம் தேதி, குடும்பத்தார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், ஜனாதிபதியின் மாளிகையை விட்டு வெளியேறி, கப்பலேறி நியூஹாம்ப்ஷயர் ராஜ்யத்துப் போர்ட்ஸ்மவுத் நகரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைப் பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் வெகுமதி என்று பிலடெல்பியாவில் விளம்பரம் வெளிவந்தது. ஓடிய அடிமைகளை மீட்கும் சட்டத்தில் 1793இல் கையொப்பமிட்டவரும் அதே ஜனாதிபதியே.

பதவியிலிருந்து விடைபெறும் உரிமை வேண்டி ஒருவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த வீட்டில், எழுத்தறியாத ஒரு பெண் ஒரு சொல்லும் எழுதாமல் விடைபெற்றுச் சென்றுவிட்டாள். அதிகாரத்தைக் கீழே வைக்கத் தெரிந்த அந்தக் கைக்கு, அவள்மீதிருந்த பிடியைத் தளர்த்த மட்டும் தெரியவில்லை. உரையிலோ அடிமை முறையைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

1797ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி, 68 வாக்குகள் பெற்ற ஜெபர்ஸனை 71 வாக்குகள் பெற்று வென்ற ஜான் ஆடம்ஸ் பதவியேற்றபோது, அச்சபையில் மிகவும் மலர்ந்து காணப்பட்ட முகம் வாஷிங்டனுடையதே என்று ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார். வந்தவர் தாமா, வென்று போகிறவர் அவரா என்று புதிய ஜனாதிபதிக்கே ஐயம் பிறந்தது போலும்! பத்தாண்டுகள் கழிந்து, மூன்றாம் தடவையும் நிற்குமாறு சட்டசபைகள் வேண்டியபோது, 1807ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெபர்ஸன் முன்னோர் ஒருவர் வகுத்த வழியைச் சுட்டிக்காட்டி மறுத்தார். பாரிஸிலிருந்து எழுதிய குறைக்கு மருந்து சாசனத்தில் கிடைக்காதபோது, அதைத் தம் நடத்தையிலேயே அவர் தேடிக்கொண்டார் எனலாம். 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவ்வழக்கத்தை மீறி மூன்றாம் தடவையும், 1944இல் நான்காம் தடவையும் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னரே, 1951ஆம் ஆண்டில் 22ஆவது திருத்தம் அதனை எழுத்தில் வடித்தது. வழக்கம் உயிரோடிருந்த வரை எழுத்துக்கு அவசியம் நேரவில்லை. அது முறிந்த பின்னரே எழுத வேண்டி வந்தது.

உரையை உண்மையில் எழுதியவர் யார் என்ற வழக்கும் நெடுங்காலம் நடந்தது. 1804இல் துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டன் மாண்டபின், அவருடைய மனைவி எலிஸபெத், தம் கணவர் எழுதியதை உலகம் அறிய வேண்டும் என்று பல்லாண்டு முயன்றார். வீதியில் ஒரு முதிய போர்வீரர் அவ்வுரையின் பிரதியை விற்க வந்தபோது, நான் எழுதியதையே என்னிடம் விற்கிறாரே என்று கணவர் நகைத்ததை அவர் நினைவு கூர்ந்தார். 1859இல் ஹொரஸ் பின்னி என்ற வழக்கறிஞரும், 1935இல் விக்டர் ஹ்யூகோ பால்ட்ஸிட்ஸும் வரைவுகளை ஒப்புநோக்கி வெளியிட்ட நூல்களால் அவ்வழக்கு ஓய்ந்தது. கட்சி வெறியைக் கண்டிக்கும் அவ்வுரையில், எதிரெதிரான இரு கட்சிகளின் தலைவர்களாகிவிட்ட மாடிஸன், ஹாமில்டன் ஆகிய இருவர் எழுத்தும் மூன்றாமவர் கையெழுத்தில் ஒன்றாகக் கலந்து கிடப்பதே அதன் தனிச்சிறப்பு. 1896ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளையொட்டிச் செனட் சபையில் ஓர் அங்கத்தினர் எழுந்து அதனைப் படித்து வருகிறார்.

வாஷிங்டன் விட்டுச்சென்ற இறுதி ஏடு, 1799ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தம் கைப்பட எழுதிய உயில். தமக்கு உரிமையான 123 அடிமைகளையும் மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை செய்ய வேண்டும் என்று அதில் எழுதினார். டிசம்பர் 14ஆம் தேதி காலமானார். மார்த்தா காத்திராமல் 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியே அவர்களை விடுவித்தார். ஆயின், மவுண்ட் வெர்னனில் இருந்த ஏனைய அடிமைகளிற் பெரும்பாலோர் மார்த்தாவின் முதற்கணவர் சொத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை விடுவிக்கும் அதிகாரம் இருவருக்கும் இல்லை. ஓனா ஜட்ஜும் அந்த வகையைச் சேர்ந்தவளே. சட்டத்தின் கண்ணில் ஓடிப்போன அடிமையாகவே அவள் 1848ஆம் ஆண்டு வரை வாழ்ந்தாள். எனினும், இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அடிமை ஒழிப்புப் பத்திரிகைகளின் நிருபர்கள் தேடிச் சென்று கேட்டபோது, தான் சென்றதற்காக வருந்தவில்லை என்று அவள் சொன்னாள், அது அச்சாயிற்று. வருங்காலத்தின் விசாரணைக்கென்று 44 தொகுதிகளைச் சித்தம் செய்து, மறுப்புக்குச் சாட்சியும், அடித்த வரிக்குக் காரணமும் எழுதி வைத்தவர், இந்த ஒரு சாட்சியை மட்டும் தாம் அழைத்திருக்கவில்லை. வருங்காலமோ இருவரையும் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வாஷிங்டன் பதவியைக் கொடுத்துவிட்டுப் போனது தம் கட்சிக்கு உவப்பான ஒருவரிடத்தில். தேர்தலில் தோற்ற ஒருவர், தம்மைத் தோற்கடித்த மாற்றானிடத்தில் அதனைக் கொடுக்க நேர்ந்தால் எழுதாச் சாசனம் நிற்குமா? 1801ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி பொழுது புலருமுன், புதிய தலைநகரத்திலிருந்து ஜான் ஆடம்ஸின் வண்டி ஓசையின்றிப் புறப்பட்டது. அதனை அடுத்த பகுதியில் பின்தொடர்வோம்.

(தொடரும்)